கீறல் விழாத தோல்

மலேசியாவின் கோலசிலாங்கூர்த் தோட்டத்தின் ஓரம், நிறுத்திய மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி மகேந்திரனும் அவன் தங்கை துளசியும் கைப்பேசியில் படம் பார்க்கிறார்கள். செம்பனை ஓலைகளின் இடையே மாலை வெயில் செம்மண்ணில் கீற்றுக் கீற்றாக விழுகிறது. திரையில் மலை உயர மிருகத்தின் மேல் குண்டுகள் வெடிக்கின்றன. தோலில் கீறல்கூட இல்லை. புஞ்சாக் ஆலாம் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கும் துளசி உதட்டைப் பிதுக்குகிறாள். "சான்ஸே இல்லண்ணே. அவ்ளோ தடிச்ச தோலுன்னா உடம்புச் சூடு வெளிய போவாது. உள்ளுக்குள்ளயே வெந்து செத்துரும்." "படம்தானே லா," என்கிறான் மகேந்திரன். அவன் சட்டையில் பூச்சி மருந்தின் நெடி இன்னும் போகவில்லை. தலைக்கு மேல், பாதி தின்னப்பட்ட மட்டையில், ஓலைத் துணுக்குகளை ஒட்டிப் பின்னிய சின்னச் சின்னக் கூடுகள் நூற்றுக்கணக்கில் தொங்குகின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புழு. "இதுங்கள பாரு. போன வாரம் மருந்தடிச்சேன், இப்ப ஒண்ணுகூட அசையல. எல்லாம் செத்துப்போச்சுன்னு மண்டோர் கங்காணிகிட்ட சொல்லிட்டேன். மருந்தடிக்கிற பம்பெல்லாம் லோரியில ஏத்தி அடுத்த தோட்டத்துக்கு அனுப்பிட்டாங்க." திரையில் மிருகம் சாய்ந்து கிடக்கிறது; ஜனங்கள் ஆரவாரம் செய்கிறார்கள். துளசி அதைப் பார்க்கவில்லை. ஒரு கூட்டைக் கிள்ளி எடுத்து வெயிலில் பிடிக்கிறாள். கூட்டின் வாய் உள்ளிருந்து நூலால் இறுக்கிக் கட்டியிருக்கிறது. "அண்ணே, செத்தது எப்படிக் கதவச் சாத்தும்?" மகேந்திரன் படத்தை நிறுத்துகிறான். காற்றே இல்லை. அவள் விரல்களுக்கிடையில் கூடு மெல்ல நெளிகிறது. மேகமில்லாத வானத்தின் கீழ், மரத்துக்கு மரம், தூறல் போடுவது போல, ஓலையை மெல்லும் சத்தம் தொடங்குகிறது.