ரிமாஸ் தூக்கிவிட்ட மீன்

பாதி வழியில் ரிமாஸ் காரை நிறுத்தினான். சால்மன் மீன்கள் அணை தாண்டுவதை வைவா பார்த்தே ஆக வேண்டுமாம்.

பழைய மாவு மில்லுக்காகக் கட்டிய தடுப்பணை அது. ஆளுயரம்கூட இல்லை. நவம்பர் கடைசிக் குளிரிலும் கரையில் நல்ல கூட்டம். பால்டிக் கடலிலிருந்து முட்டையிட வரும் மீன்கள் எகிறிக் குதித்து, காங்கிரீட்டில் மோதி, பொத்தென்று விழுந்தன. ஒவ்வொன்றும் விழும்போது கூட்டம் உச்சுக்கொட்டியது.

வைவா ஓரமாக நின்றாள். அவளுடைய பெட்டி கார் டிக்கியில் இருந்தது.

இரண்டு மாதம் அக்கா வீட்டில் இருந்தாள். புருஷன் குடிக்கிறானா, இல்லை. அடிக்கிறானா, இல்லை. அப்புறம் என்னதான் குறை என்று அக்கா கேட்டாள். வைவாவுக்குச் சொல்லத் தெரியவில்லை.

எங்கே போனாலும் ரிமாஸ் கொண்டுவிட்டு, திரும்பிக் கூட்டிவர வாசலிலேயே நிற்பான் என்பதை எப்படிக் குறையாகச் சொல்வது? கல்யாணத்துக்கு முன்பு அவள் மீன்குஞ்சுப் பண்ணையில் வேலை பார்த்தாள். உனக்கெதுக்கு இந்தக் கவிச்சி என்று அன்பாகச் சொல்லி நிறுத்தினான். தோழிகளும் அப்படித்தான் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள்.

இன்று காலை அவன் பூங்கொத்தோடு வந்து நின்றதும், அக்காவே பெட்டியைக் கட்டிக் கொடுத்துவிட்டாள். இனி போக்கிடம் இல்லை என்று வைவாவுக்குப் புரிந்தது.

கூட்டம் சலசலத்தது. அணைக்குக் கீழே கல் இடுக்கில் ஒரு மீன் ஒதுங்கிக் கிடந்தது. செவுள் மட்டும் அசைந்தது. ஏறி ஏறிச் சளைத்துவிட்டது என்றார்கள்.

ரிமாஸ் யோசிக்கவே இல்லை. ஷூவோடு தண்ணீரில் இறங்கினான். அவன் அப்படித்தான், யார் கஷ்டப்பட்டாலும் பொறுக்க மாட்டான். மீனைக் குழந்தை போல ஏந்திக்கொண்டு, அது துள்ளத் துள்ளக் கரையேறி, அணைக்கு மேலே கொண்டுபோய் விட்டான். கூட்டம் கைதட்டியது.

அவன் தன்னைக் கடந்து போனபோது வைவா மீனைப் பார்த்துவிட்டாள்.

வயிறு ஒட்டியிருந்தது. வால் நுனி தேய்ந்து வெளுத்திருந்தது. முட்டையிடக் கூழாங்கல்லைக் கிளறிக் குழி பறித்த வால். பண்ணையில் எத்தனையோ பார்த்திருக்கிறாள்.

அது ஏற வந்த மீன் இல்லை. மேலே போய் முட்டையிட்டு முடித்து, அணையைத் தாண்டி இறங்கிவிட்டது. கடலுக்குப் போகிற வழியில் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

சொல்ல வாயெடுத்தாள். கைதட்டல் ஓயவில்லை.

ரிமாஸ் முழங்கால்வரை நனைந்து, நடுங்கிக்கொண்டே சிரித்தபடி வந்தான்.

"வழி தெரியாம தவிச்சுக்கிட்டிருந்துச்சு பாவம், கொண்டுபோய்ச் சேர்த்துட்டேன். டிக்கில துண்டு இருக்கு, எடுத்துட்டு வா வைவா."

சாவியை நீட்டினான்.

துண்டு அவளுடைய பெட்டிக்கு அடியில் இருந்தது. எடுக்க வேண்டுமென்றால் பெட்டியை வெளியே இறக்கித்தான் ஆக வேண்டும். இறக்கினாள்.

துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். காலை நன்றாகத் துடைத்துக்கொள், சளி பிடிக்கும் என்றாள். சாவியையும் அவன் கையில் வைத்தாள்.

பெட்டியை மறுபடி உள்ளே வைக்கவில்லை.