கடைசி வர்க்கி

“பிரஷர் நல்லாக் குறைஞ்சிருக்கே! தினமும் நடக்கறீங்களா?” என்று கேட்டார் டாக்டர்.

சுப்பண்ணனுக்கு உள்ளுக்குள் சிரிப்பு. “எங்க ஊட்டுக்காரருக்கு வர்க்கி குடுக்காதீங்க” என்று அருவங்காட்டுக் கடைகளில் எல்லாம் சொல்லி வைத்திருந்தாள் மனைவி மரகதம். அவர் விடுவாரா? அவளுக்குத் தெரியாமல் தினமும் பக்கத்து ஊரான வெலிங்டன் வரை நடந்தே போய், வனஸ்பதி மணக்கும் வர்க்கியைத் தின்றுவிட்டு வந்தார். என்ன ராசியோ, எப்போது போனாலும், “ஒண்ணுதானுங்க மிச்சம்” என்பார் அந்தக் கடைக்காரர்.

“சும்மா காத்தாடப் போய்ட்டு வருவேனுங்க” என்று மழுப்பினார்.

“எல்லாம் அந்த வெலிங்டன் கடைக்காரர் புண்ணியமுங்க டாக்டர்” என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மரகதம். “ஒரு நாளைக்கு ஒண்ணுக்கு மேல குடுக்காதீங்கன்னேன். இன்னிக்கு வரைக்கும் சொன்ன சொல்லு தவறலைங்க.”