முழங்காலுக்கு ஒரு லீவர்

இசைக்கருவிக் கடைக்காரர் இரண்டு பெடல் ஸ்டீல் கிட்டார்களை எடுத்துப் போட்டிருந்தார். இரண்டும் கம்பிகள் மேலே தெரிய, தையல் மிஷினைப் போல நாலு காலில் நின்றன. சின்னதற்குக் கீழே பெடல் மட்டும்தான். பெரியதில், முழங்காலால் தள்ளித் தள்ளிச் சுருதியை வளைக்கிற லீவர்களும் இருந்தன. கல்யாணத்துக்கு முன்னால் சர்ச்சில் லில்லி புஷ்பம் பாவாடையோடு உட்கார்ந்து வாசித்தது அந்த மாதிரிப் பெரியதைத்தான். இத்தனை வருஷம் கழித்து அதன் முன்னால் உட்கார்ந்து முழங்காலை விலக்கிப் பார்த்தாள். சேலை விடவில்லை.

"உனக்கு அந்தச் சின்னதே போதும்லா," என்றார் அவள் கணவர் தங்கையா, வாசலோரம் நாற்காலியில் மடியில் குடையோடு இருந்தபடி.

சின்னதில் கொஞ்ச நேரம் வாசித்தாள். நன்றாகத்தான் இருந்தது.

"இது பேசுதுங்க. பாட மாட்டேங்கு."

மறுபடியும் பெரியதற்கே வந்தாள். கொசுவத்தை அள்ளி, சேலையை முழங்காலுக்கு மேலே ஏற்றிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். கடைக்காரர் அவசரமாக ஒரு வயலினை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். தங்கையா எழுந்தார். ஏசத்தான் போகிறார் என்று அவள் நினைத்தாள். அவரோ நேரே கண்ணாடிக் கதவுக்குப் போய், அதை மறைக்கிற மாதிரி குடையை விரித்துப் பிடித்து, அவளுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டார்.

இடது கையில் பிடித்திருந்த இரும்புத் துண்டு கம்பிமேல் வழுக்கியது. முழங்கால் லீவரைத் தள்ள, ஒரு ஸ்வரம் அறுபடாமல் மெல்ல ஏறியது.

"இன்னும் கொஞ்சம் மேல போவுமா?" என்றார் தங்கையா, திரும்பாமல்.