கொதிக்காத வண்டி

"தெர்மாஸ்டாட்டை மாத்தியாச்சு பிச்சை," என்றார் லாரி முதலாளி பரக்கத் அலி, பாலக்கரைப் பட்டறையில் வைத்து. "பழசு மாதிரி இல்லை. சூடு ஏறுறதுக்கு முன்னாடியே இது திறந்து, ரேடியேட்டர் தண்ணியைச் சுத்த விட்டுடும். இனிமே மணப்பாறை ரோட்டுல வண்டி கொதிக்காது."

டிரைவர் பிச்சையின் முகம் விழுந்துவிட்டது. "பழசே இருக்கட்டுமே முதலாளி."

"ஏம்ப்பா, ஒவ்வொரு நடைக்கும் வெயில்ல நின்னு தண்ணி கேட்கிறது உனக்கு நல்லாவா இருக்கு?"

"பழகிடுச்சுங்க," என்றான். வேறு என்ன சொல்வது?

மறுநாள், இன்றைக்கு மட்டும் கொதித்துவிடு என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே ஓட்டினான். எஞ்சின் கேட்கவில்லை. ஆனாலும் மணப்பாறைக்கு முந்தின வளைவில், வழக்கமான ஓட்டு வீட்டின் முன்னால் வண்டியை நிறுத்தினான்.

சத்தம் கேட்டதுமே அந்த வீட்டு மருமகள் வள்ளிக்கண்ணு குடத்தோடு வாசலுக்கு வந்துவிட்டாள். பின்னாலேயே மாமியாரும் வந்து பானெட்டை உற்றுப் பார்த்தாள்.

"கல்யாணச் சண்டையோட உறவே அத்துப்போச்சு. கொதிச்சு நிக்கிற வண்டிக்குத் தண்ணி இல்லேன்னு சொல்லக் கூடாதேன்னுதான், சம்பந்தி, உங்களை இத்தனை நாளா வாசல்ல நிக்க விட்டேன். இன்னிக்கு ஆவியையே காணோமே?"

பிச்சை சம்பந்தியம்மாவை விட்டுவிட்டு மகளைப் பார்த்தான்.

"வண்டியைச் சரி பண்ணிட்டாங்க, கண்ணு."

வள்ளிக்கண்ணு இடுப்பில் இருந்த குடத்தை இறக்கவில்லை.

"அப்ப இனிமே இங்க நிக்காதாப்பா?" என்றாள்.