தாளின் பின்பக்கம்

“அந்த ஆளை இன்னொரு தடவை அளந்துட்டு வந்துடறேன்” என்று டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

“காலையிலேர்ந்து இது மூணாவது தடவை, இங்க்ரிட். நடுவுல அவர் என்ன வளர்ந்துட்டாரா?” என்றாள் என்னோடு தேர்தல் வேலை பார்க்கும் கெய்ல், ஓட்டுத் தாள்களை அடுக்கியபடி.

வாக்குச்சாவடி எங்கள் டன்மோர் ஊர் சர்ச்சில். அதன் வாசலிலிருந்து நூறு அடிக்குள் யாரும் ஓட்டுக் கேட்கக் கூடாது. அதைக் கவனிக்க வேண்டியது நகராட்சி கிளார்க்கான நான்.

மேயர் ஓரின் டோலெஃப்சன் நவம்பர் தூறலில், கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நின்றார். ‘தாளைத் திருப்புங்கள்’ என்று எழுதியிருந்தது. அளந்தேன். நூற்றியோரு அடி.

“கூச்சமா இல்லையா ஓரின்?”

“குளிருது. கூச்சம் தெரியல.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன வருஷம் வரை எங்கள் ஊர்த் தேர்தல் ஏப்ரலில் தனியாக நடக்கும். இருநூறு பேர் வந்தால் அதிகம். அதற்குப் பதினோராயிரம் டாலர் செலவு. நவம்பரில் மாவட்டத் தேர்தலோடு சேர்த்துவிட்டால் ஆயிரத்து இருநூறில் முடிந்துவிடும் என்று நான்தான் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். நகர மன்றத்தில் எதிர்த்த ஒரே ஆள் இவர்.

“பணம் மிச்சம்தான். ஆனா கவர்னர், நீதிபதி, ஷெரீப்னு முன்பக்கம் பூரா ரொம்பிடும். நம்ம ஊர் சமாச்சாரம் பின்பக்கம் போயிடும். அதை எவன் திருப்பிப் பார்ப்பான்?” என்று மேஜையைத் தட்டினார்.

நிறைய பேர் ஓட்டுப் போட வந்தால் நாற்காலி போய்விடும் என்ற பயம் என்று ஊரே சிரித்தது. நானும்தான்.

மாதிரி ஓட்டுத் தாள் வந்ததும் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் மேயர் பதவிக்கு ஓரினும், ஆம்புலன்ஸ் ஓட்டும் ஜோலீன் பிராட்டும். அதற்குக் கீழே, ஊர் ஆம்புலன்ஸுக்கு வரி வேண்டுமா என்ற கேள்வி. ஓட்டுப் போட வருகிறவர்களில் பாதிக்கு மேல் ‘வேண்டும்’ என்று சொன்னால்தான் வண்டி ஓடும். காலியாக விட்டாலும் ‘வேண்டாம்’ கணக்குதான்.

என் கணவர் லைலுக்கு இரண்டு தடவை மாரடைப்பு வந்திருக்கிறது. இரண்டு தடவையும் ஆறே நிமிஷத்தில் வந்தது அந்த வண்டி. பக்கத்து ஊரிலிருந்து வருவதென்றால் ஐம்பது நிமிஷம். தேர்தலைச் சேர்த்து வைக்கச் சொன்னவள் நான். இதை யாரிடம் போய் அழ?

நான் இந்தக் கவலையில் செத்துக்கொண்டிருக்க, இவர் தன் பேரைப் பார்க்கச் சொல்லி அட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

“எல்லாம் அந்த நாற்காலிக்குத்தானே?”

“கோட்டுக்கு வெளியதானே நிக்கிறேன்?”

“ஒரே ஒரு அடி.”

“அப்ப போய் உன் வேலையைப் பாரு. காபி இருந்தா அனுப்பு.”

நான் அனுப்பவில்லை.

உள்ளே, தாளைக் கொடுக்கும்போது திருப்பிப் பாருங்கள் என்று நாங்களும் சொல்லத்தான் செய்தோம். காதில் வாங்கினால்தானே? ஆனால் சேற்று பூட்ஸோடு வந்த ஒரு பண்ணைக்காரர் கேட்டார்: “ஏம்மா, வெளிய அந்த மனுஷன் நனைஞ்சுக்கிட்டு நிக்கிறாரே, அப்படி என்னதான் இருக்கு பின்னால?” அவருக்குப் பிறகு வந்தவர்களும் அதையே கேட்டார்கள்.

மறுநாள் காலை மாவட்ட அலுவலகத்திலிருந்து முடிவு வந்தது. ஆம்புலன்ஸ் வரி பத்தொன்பது ஓட்டில் பிழைத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஓரின் நூற்று நாற்பது ஓட்டில் தோற்றிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் ஜோலீன் வந்தாள். வாழ்த்துச் சொன்னேன்.

“பாவம் ஓரின். நாள் பூரா நனைஞ்சும் நாற்காலி போச்சு” என்றேன், கொஞ்சம் குஷியாகவே.

அவள் சிரிக்கவில்லை.

“அட்டை மாட்டிக்கிட்டு நிக்கப் போறேன்னு போன வாரமே சொன்னார் இங்க்ரிட். எனக்கு மனசு கேக்கல. வீடு வீடாப் போனதுல எனக்கு நிலவரம் தெரியும். ‘ஏப்ரல்ல வழக்கமா வர்ற இருநூறு பேர்ல முக்காவாசி உங்க ஆளுங்க, யாரும் சொல்லாமலே திருப்பிடுவாங்க. மத்தவங்க திருப்பாம விட்டா நீங்க ஜெயிப்பீங்க. திருப்பினா நான்தான்’னு அவர்கிட்டயே சொல்லிட்டேன்.”

“அதுக்கு என்ன சொன்னார்?”

“ ‘அது எனக்கும் தெரியும் ஜோலீன். லைலுக்கு மூணாவது தடவை வந்தா வண்டி வேணுமே’ன்னார்.”