மரக்கரண்டியில் பல் தடம்

"ஞாயித்துக்கிழமை கிடங்குக்காரர் வண்டி வருது. பட்டாணிய அதுல ஏத்தி விட்டுடுங்க. இதுக்கு மேல என்னால முடியாது."

அம்மா மரக்கரண்டியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். வாங்கி நான்கு நாள்கூட ஆகவில்லை. கைப்பிடி நுனியில் வரிசையாகப் பல் தடம்.

மேசைக்கு அடியில் இருந்த பட்டாணி, தன் பெயரைக் கேட்ட சந்தோஷத்தில் வாலை ஆட்டியது. தன் மேல்தான் வழக்கு நடக்கிறது என்று அந்த நாய்க்கு எப்படித் தெரியும்?

பட்டாணி ஒன்றும் உத்தமன் இல்லை. வந்த புதிதில் நாற்காலிக் கால், செருப்பு, மிதியடி என்று வாய்க்கு எட்டியதையெல்லாம் ஒரு கை பார்த்துவிட்டது. அப்பாவும் சளைக்கவில்லை. கடிப்பதற்கென்றே ரப்பர் எலும்பு வாங்கிக் கொடுத்தார். காலையும் மாலையும் நடக்க வைத்துக் களைப்பாக்கினார். கடைசியாகப் போன வாரம் கால்நடை மருத்துவரிடம் ஒரு கசப்பு மருந்து வாங்கி வந்து, வீட்டில் கண்ணில் பட்ட சாமான் மேலெல்லாம் தடவ ஆரம்பித்தார். டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லித் தருகிற மனிதர், எதையும் அரைகுறையாக விடமாட்டார்.

மருந்து வேலை செய்தது. நாற்காலிப் பக்கம் பட்டாணி தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. ஆனால் டிவி ரிமோட், சீப்பு, குடைக் கைப்பிடி, இப்போது மரக்கரண்டி என்று தடம் மட்டும் நின்றபாடில்லை.

நாற்காலியை விட்ட நாய் கரண்டியை மட்டும் ஏன் கடிக்க வேண்டும் என்று அப்பா கேட்டுப் பார்த்தார். வீட்டில் 'வாலு' என்று பேர் வாங்கிய பத்து வயது மகள், பட்டாணி போனால் தானும் அதே வண்டியில் ஏறிப் போய்விடப்போவதாகச் சொல்லிவிட்டு, தட்டைத் தள்ளி வைத்து அழுதாள். ஊருக்கு வெளியே இருக்கும் அந்தச் சரக்குக் கிடங்கில் காவல் நாயைச் சங்கிலியில்தான் கட்டி வைப்பார்கள்.

அம்மாவுக்கும் மனசு கேட்கவில்லைதான். அதற்காக வீட்டுச் சாமானையெல்லாம் நாய் வாயில் கொடுக்க முடியுமா?

"இது பட்டாணி வேலைன்னு என்ன அத்தாட்சி?" என்றார் அப்பா.

அவர் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அம்மா பதினெட்டு வருடமாகப் பல் லேபில் பல் செட் செய்கிறவள்.

"பல்லப் பத்தி எங்கிட்டயே பேசறீங்களா? நாளைக்கே லேப்ல வச்சுக் காட்டறேன். இது நாய்ப்பல்லு இல்லைன்னா பட்டாணி கடைசி வரைக்கும் இங்கயே இருக்கட்டும். நான் வாயே திறக்கமாட்டேன்."

கையோடு ஒரு மெழுகுத் தகட்டை வெந்நீரில் இளக்கிப் பட்டாணியின் வாயில் வைத்தாள். ஏதோ பரிசு கிடைத்ததாக நினைத்து, அது ஒரு தரம் அழுத்திக் கடித்துவிட்டு அவள் கையை நக்கிக் கொடுத்தது.

மறுநாள் லேபில் பட்டாணியின் பல் அச்சு வெள்ளை வெளேரென்று பிளாஸ்டரில் தயாரானது. யார் இந்தப் புது வாடிக்கையாளர் என்று ஆளாளுக்குக் கேட்டுச் சிரித்தார்கள். பல்லுக்குப் பாலிஷ் போடும் தோழி மெஷினை நிறுத்திவிட்டு, தேநீரோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

அம்மாவுக்கு அன்றைக்கும் தேநீர் கசந்தது. ஒரு வாரமாகவே வாயெல்லாம் கசப்பு. பித்தம் ஏறிவிட்டது என்று மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பழியும் பட்டாணி தலையில்தான் விழுந்திருந்தது.

அச்சைக் கரண்டிக் கைப்பிடியில் வைத்துப் பார்த்தாள். உட்காரவில்லை. திருப்பி வைத்தாள். அப்போதும் இல்லை. பட்டாணியின் பல் கூர்கூராக, இடைவெளி விட்டு இருந்தது. கரண்டியில் இருந்த தடமோ தட்டையாக, நெருக்கமாக இருந்தது.

"அக்கா, இது மனுசப் பல்லு," என்றாள் தோழி.

அம்மாவுக்குத் தோற்றுப்போன எரிச்சல் ஒரு பக்கம். மகளின் அழுத முகம் இனி சிரிக்கும் என்ற நிம்மதி இன்னொரு பக்கம். இரண்டையும் தள்ளிவிட்டுக் கோபம் முன்னால் வந்தது. அப்பா சிகரெட்டை விட்டு இரண்டு மாதம் ஆகிறது. வாய் சும்மா இருக்குமா? நாய்க்கு வக்காலத்து வாங்கியதன் ரகசியம் இதுதானா?

கையில் இருந்த, பல் செதுக்கும் மெழுகுக் கத்தியைக் கீழே வைக்காமலே அலமாரிக்குப் போனாள். அப்பாவின் கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போட்டபோது எடுத்த அச்சு அங்கே இருந்தது. கரண்டியில் வைத்தாள். அவருக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்தே இருக்கும். தடத்தில் உடைசல் இல்லை. மகளுக்குக் கம்பி கட்டியபோது எடுத்த அச்சையும் வைத்தாள். அது சின்ன வாய், பல்லும் கோணல். பொருந்தவே இல்லை.

 தோழி மேல் தட்டில் கைவிட்டு, தூசி படிந்த இன்னோர் அச்சை எடுத்தாள். அம்மா வேலை கற்றுக்கொள்ள வந்த புதிதில், முதன்முதலாகச் செய்து பார்த்தது. தூசியை ஊதிவிட்டுக் கரண்டியில் வைத்தாள். பானைக்கு மூடி போட்டதுபோல் அது கச்சிதமாக உட்கார்ந்தது. அப்படியே இரண்டையும் அம்மாவின் கைகளில் கொடுத்தாள்.

"இப்ப என்னக்கா சொல்றீங்க?"

அம்மா தன் கைகளைப் பார்த்தாள். ஒரு கையில் மரக்கரண்டி, மறு கையில் தன்னுடைய பல் அச்சு. இரண்டு கையும் நிறைந்துவிட்டால் மூன்றாவது சாமான் வழக்கமாக எங்கே போகுமோ அங்கே, அவள் பல்லுக்கு நடுவில், மெழுகுக் கத்தியின் கைப்பிடி இருந்தது.