கூரத்துக் கூத்தில் ஒரு விசில்

பிள்ளையார்பாளையத்தில் கலையரசியின் தையல் கடை. சாய்வெயில், தைத்து மடித்த ரவிக்கைகளின் மேல் விழுந்து கிடக்கிறது. கூரத்துத் திருவிழாவில் அவள் அப்பா பதிவு செய்த தெருக்கூத்துக் கேசட் போன மாதம் அறுந்துபோனது. அதை ஒட்டி, போனில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறான் செல்போன் கடை ஜினேஷ். "இரைச்சலெல்லாம் எடுத்துட்டேன்கா. கண்ணாடி மாதிரி இருக்குது." பக்கத்துச் சாயப்பட்டறை பூவராகவன் சிவப்பேறிய கைகளைத் துடைத்தபடி ஸ்டூலில் உட்காருகிறார். அவருக்கும் கலையரசிக்கும் அந்தக் கூத்து முழுக்க மனப்பாடம். ஆனாலும் இப்போதுதான் முதல்முறை கேட்பதுபோல் முகம் மலர்ந்திருக்கிறது. முகவீணைக் குழல் கிளம்புகிறது. மிருதங்கம் துள்ளுகிறது. ராஜா வேஷக்காரர் திரைக்குப் பின்னாலிருந்து குரலெடுக்கிறார். கலையரசி மெஷினை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். திரை விலகும் இடம் வருகிறது. ஒரே மௌனம்.

"இன்னாப்பா இது, சனங்க கத்துனது எங்க? விசில் எங்க?" பூவராகவன் பதறுகிறார். "அதான்ணா இரைச்சல்னு நெனச்சிக்கினு எடுத்துட்டேன்." ஜினேஷின் முகம் சுண்டிப்போகிறது. அந்த விசில் கலையரசியின் அப்பா அடித்தது. "முதல்லேர்ந்து வைப்பா" என்கிறாள். பாட்டு மறுபடி ஏறுகிறது. திரை விலகும் நொடியில் இரண்டு விரலை மடித்து வாயில் வைத்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி விசிலடிக்கிறாள். "அப்டிப் போடும்மா!" என்று கத்துகிறார் பூவராகவன். ஜினேஷ் வெட்டுமேசையில் தாளம் போடுகிறான். அது காதில் விழுந்துவிட்டதுபோல ராஜா அடுத்த அடியை இன்னும் உரக்கப் பாடுகிறார்.